ஆளைத் தேடுகிறதா, உடையைத் தேடுகிறதா? தோற்றத் தேடல் மென்பொருளோடு ஆறு மாதங்கள்

முகத்தைப் பார்க்காமல், உடையின் நிறம், உடல்வாகு, தலைமுடி, கையிலுள்ள பை போன்றவற்றை மட்டும் கொண்டு கண்காணிப்புக் கேமராப் பதிவுகளில் ஒருவரைத் தேடித் தரும் மென்பொருள் ஒன்றை எங்கள் வளாகத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். 'தோற்றத் தேடல்' என்று பொதுவாக அழைக்கப்படும் இந்த வசதியை இன்று பல நிறுவனங்கள் தங்கள் கேமரா மேலாண்மை மென்பொருளோடு சேர்த்தே விற்கின்றன. எங்களிடம் உள்ள தயாரிப்பின் பெயரை நான் குறிப்பிடவில்லை. சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த வகை மென்பொருள் அனைத்துக்கும் பொருந்தும் என்பதே காரணம். இதை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பாதுகாப்பு அலுவலர்களுக்கும் கட்டட நிர்வாகிகளுக்கும் உதவ வேண்டும் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

எங்களிடம் 64 கேமராக்கள் உள்ளன; பதிவுகள் 30 நாட்கள் சேமிக்கப்படுகின்றன. முன்பெல்லாம் ஒரு பொருள் காணாமல் போனால், சம்பவம் நடந்த இடத்துக் கேமராவில் தொடங்கி, அந்த ஆள் எந்தப் பக்கம் திரும்பினார் என்று பார்த்து, அடுத்த கேமராவுக்குப் போய், அங்கே அவரைத் தவறவிட்டு, மீண்டும் பின்னால் ஓட்டிப் பார்த்து, இப்படியே ஒரு ஆபரேட்டரின் பணிநேரம் முழுவதும் கரைந்துவிடும். இப்போது இரண்டு வழிகள் உள்ளன. மேலாடை இன்ன நிறம், கீழாடை இன்ன நிறம், தொப்பி உண்டு, முதுகுப்பை இல்லை என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துத் தேடுவது ஒன்று. பதிவில் தெரியும் ஒருவரின் உருவத்தின் மேல் சொடுக்கி, அவரைப் போன்றவர்கள் எல்லாக் கேமராக்களிலும் எங்கெங்கே தென்படுகிறார்கள் என்று கேட்பது மற்றொன்று. சில நொடிகளில் சிறு படங்களாக விடை வந்து நிற்கிறது.

முதல் மாதத்திலேயே இதன் முழுப் பயனையும் கண்டோம். நினைவு மறதி நோயுள்ள முதியவர் ஒருவர், மகளோடு வந்தவர், கூட்டம் மிகுந்த நேரத்தில் கைப்பிடியை விட்டுவிட்டு எங்கோ நடந்துவிட்டார். வெளிர்பச்சை அரைக்கைச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை, கையில் ஊன்றுகோல் என்று மகள் அங்க அடையாளம் சொன்னார். அந்தச் சொற்களை வைத்துத் தேடியபோது தேவையற்ற படங்கள்தான் நிறைய வந்தன. வெளிர்பச்சையை மென்பொருள் சில இடங்களில் வெள்ளையாகவும் சில இடங்களில் சாம்பலாகவும் எடுத்துக்கொண்டிருந்தது. பிறகு அவர்கள் உள்ளே வந்த நேரத்தின் நுழைவாயில் பதிவை எடுத்து, அப்பாவை மகள் விரலால் சுட்டிக்காட்ட, அந்த உருவத்தின் மேல் சொடுக்கினோம். ஒன்பது கேமராக்களில் அவர் கடந்துபோன தடம் நேர வரிசையில் வந்தது. கடைசிப் படம் பின்வாயில். அங்கிருந்து சற்றுத் தள்ளிச் சாலையோரத்து இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தார். தகவல் வந்ததிலிருந்து கண்டுபிடித்தது வரை பத்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. பழைய முறையில் இதே தேடல் ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. இந்த ஒரு பயனுக்காகவே இந்த மென்பொருளின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அடுத்து எழுதப்போகும் குறைகளை அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இதன் விடைகளைப் படிக்க முடியாது. கேமராவில் தெரியும் ஒவ்வொரு மனித உருவத்தையும் மென்பொருள் வெட்டியெடுத்து, அதை நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட ஒரு தொடராக மாற்றிச் சேமிக்கிறது. நாம் ஓர் உருவத்தைச் சொடுக்கும்போது, அதன் எண்தொடருக்கு எந்தெந்த எண்தொடர்கள் மிக அருகில் இருக்கின்றன என்று கணக்கிட்டு, நெருக்கத்தின் வரிசையில் அடுக்கித் தருகிறது. 'இவர்தான் அவர்' என்று அது எந்த இடத்திலும் முடிவு செய்வதில்லை. சாயலை அளக்கிறது, அவ்வளவுதான்.

சாயலை அளந்து ஆளைப் பிடிக்கும் முயற்சி புதியதும் அன்று. 1880களில் பாரிஸ் காவல்துறையில் அல்போன்ஸ் பெர்டியோன், கைதிகளின் உயரம், கை நீளம், தலையின் அகலம் போன்றவற்றை அளந்து அட்டைகளில் பதிந்துவைத்தார். கண், மூக்கு, காது ஆகியவற்றின் வடிவத்தைக் குறிப்பிட்ட சொற்களால் விவரிக்கும் முறையையும் உருவாக்கினார். பின்னாளில் கைரேகை அந்த அளவுகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2004-இல் கணினி அறிவியலாளர் அனில் ஜெயினும் அவருடைய சக ஆய்வாளர்களும் உயரம், பாலினம் போன்ற பண்புகளுக்கு 'மென் உயிரளவைகள்' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தபோதே அவற்றின் எல்லையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். இவை ஒருவரைப் பற்றி ஓரளவு தகவல் தரும். ஆனால் இருவரைப் பிரித்துக் காட்டப் போதிய தனித்தன்மையும் நிலைத்தன்மையும் இவற்றுக்கு இல்லை. எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஆறு மாதங்களில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது.

விற்பனைக் கையேட்டில் மிக உயர்ந்த துல்லிய விழுக்காடு ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. அது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் எதை அளந்த எண் என்று கேட்க வேண்டும். இத்துறையில் பெரிதும் பயன்படும் சோதனைத் தொகுப்புகளில் ஒன்று 2015-இல் வெளியான மார்க்கெட்-1501. ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 6 கேமராக்களில் பதிவான 1,501 பேரின் உருவங்கள் அதில் உள்ளன. இன்றைய நல்ல முறைகள் அதில் முதல் விடையையே சரியாகத் தருவது 95 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் அத்தொகுப்பில் ஒருவர் எல்லாக் கேமராக்களிலும் ஒரே உடையில்தான் வருகிறார். எனவே அங்கே சோதிக்கப்படுவது பெரும்பாலும் உடையை அடையாளம் காணும் திறன். உடை மாற்றியவர்களையும் சேர்த்து உருவாக்கப்பட்ட பிஆர்சிசி போன்ற தொகுப்புகளில் இதே முறைகளின் மதிப்பெண் வெகுவாகச் சரிகிறது. நாங்களும் எளிமையாகச் சோதித்துப் பார்த்தோம். சக ஊழியர் ஒருவர் காலையில் வந்த உடையிலேயே வளாகத்தைச் சுற்றியபோது ஏறக்குறைய எல்லாக் கேமராக்களிலும் பிடிபட்டார். மதியம் மேலே ஒரு மேலங்கியைப் போட்டுக்கொண்டு பையையும் கழற்றி வைத்துவிட்டு நடந்தபோது, முதல் ஐம்பது படங்களில் அவர் இல்லவே இல்லை. நமக்குத் தெரிந்தவர் எந்தச் சட்டையில் வந்தாலும் நாம் அடையாளம் கண்டுவிடுவோம். அந்தத் திறனை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. 'இவர் நேற்றும் வந்தாரா, போன வாரமும் வந்தாரா' என்ற கேள்விக்கு இது விடை சொல்லாது. 'இவர் இன்று எங்கெங்கே போனார்' என்ற கேள்விக்கு நன்றாகவே சொல்லும்.

நிறம் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த மென்பொருளின் பாதி நம்பிக்கை நிறத்தின் மேல்தான் நிற்கிறது. கேமராக்கள் பதிவைச் சுருக்கிச் சேமிக்கும்போது ஒளியின் விவரத்தைக் காப்பாற்றும் அளவுக்கு நிறத்தின் விவரத்தைக் காப்பாற்றுவதில்லை. வழக்கமான பதிவுமுறையில் நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே நிறத்தகவல்தான் சேமிக்கப்படுகிறது. தூரத்தில் சிறியதாகத் தெரியும் உருவத்தின் உடைநிறம் பக்கத்துச் சுவரின் நிறத்தோடு கலந்துவிடுவது இதனால்தான். மஞ்சள் விளக்கின் கீழ் நீலம் கருமையாகிறது. இரவில் அகச்சிவப்பு ஒளிக்குக் கேமரா மாறியபின் நிறமே இல்லை; அது மட்டுமன்றி, 850 நானோமீட்டர் அளவிலான அந்த ஒளியைப் பல கறுப்புச் சாயத் துணிகள் திருப்பியனுப்பிவிடுவதால், கறுப்பு உடை அணிந்தவர் படத்தில் வெளிறிய உடையோடு தெரிகிறார். இதை அறியாத புதிய ஆபரேட்டர் ஒருவர் 'கறுப்பு மேலாடை' என்று வடிகட்டி இரவு முழுவதும் தேடிவிட்டு, அப்படி யாரும் வரவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அகச்சிவப்புப் பதிவுகளில் நிற வடிகட்டி தானாகவே செயலிழக்கும்படி இந்த மென்பொருளை வடிவமைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாதது பெரிய குறை.

கேமரா பொருத்தப்பட்ட விதமும் முக்கியம். ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் கிடைக்க வேண்டும் என்பதற்கு ஐஇசி 62676-4 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு அளவுகள் தந்திருந்தது. ஆள் இருக்கிறாரா என்று அறிய 25, உடை போன்ற தனிப்பட்ட விவரங்களைக் கவனிக்க 62.5, ஏற்கெனவே தெரிந்தவரை இவர்தான் என்று சொல்ல 125, தெரியாதவரை ஐயமின்றி அடையாளம் காண 250. எங்கள் கேமராக்களில் நுழைவாயில்களில் இருப்பவை மட்டுமே 250-ஐத் தொடுகின்றன. வாகன நிறுத்துமிடத்தின் தொலைவில் 25-கூடத் தேறவில்லை. தோற்றத் தேடல் வாங்கினால் பழைய கேமராக்களே போதும் என்று விற்பவர்கள் சொல்வது 62.5-க்கு மேல் கிடைக்கும் இடங்களுக்கு மட்டும் ஓரளவு உண்மை. கூரையிலிருந்து செங்குத்தாகக் கீழே பார்க்கும் கேமராக்களில் தலையும் தோளும்தான் தெரியும் என்பதால் அவற்றைத் தேடலிலிருந்தே நீக்கிவிட்டோம்.

பட்டியலில் உள்ள பண்புகளில் உடைநிறம் பகலில் நம்பத்தக்கது. முதுகுப்பை, பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ பார்க்கும் கேமராவில் நம்பத்தக்கது. ஆண்-பெண் பிரிவு, வயதுப் பிரிவு ஆகிய இரண்டையும் நாங்கள் அணைத்துவிட்டோம். நீண்ட முடி வைத்த ஆண்களைப் பெண்கள் என்றும், முடியைக் குறைத்து வெட்டிய பெண்களை ஆண்கள் என்றும் அது வகைப்படுத்தியது. குனிந்து நடந்த இளைஞரை முதியவர் வரிசையில் சேர்த்தது. தவறான வடிகட்டியின் ஆபத்து, அது தவறைக் காட்டாது என்பதே. தேடப்படும் ஆளையே பட்டியலிலிருந்து அகற்றிவிட்டு, மீதியை மட்டும் நம் முன் வைக்கும்.

இனி, இந்த மதிப்பீட்டை நான் எழுதத் தூண்டிய நிகழ்ச்சி. மூன்றாம் மாதத்தில் படிப்பறையிலிருந்து ஒருவருடைய மடிக்கணினி திருடு போனது. பதிவில் ஒல்லியான இளைஞர் ஒருவர் தெரிந்தார்: கருநீலச் சட்டை, கறுப்பு முதுகுப்பை, கேமராவுக்கு முதுகு காட்டிய நிலை. சொடுக்கித் தேடினோம். மறுநாள் காலை முதன்மை வாயிலில் பதிவான படம் ஒன்று '94%' என்ற எண்ணோடு முதலிடத்தில் வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் அறையில் இருந்த எவருக்கும், எனக்கும் சேர்த்துத்தான், ஐயமே எழவில்லை. காவலர் அந்த இளைஞரைப் பலர் முன்னிலையில் நிறுத்திப் பையைத் திறந்து காட்டச் சொன்னார். பையில் அவருடைய புத்தகங்களும் உணவுப் பெட்டியும் மட்டுமே இருந்தன. திருட்டு நடந்த நேரத்தில் அவர் வளாகத்திலேயே இல்லை என்பதை அவருடைய நுழைவு அட்டைப் பதிவு பிறகு உறுதி செய்தது. படிப்பறையிலிருந்து கேமரா கேமராவாகக் கண்ணால் தொடர்ந்தபோது, உண்மையில் எடுத்தவர் சில நிமிடங்களிலேயே பக்கவாயில் வழியாக வெளியேறியிருந்ததும் தெரிந்தது. அந்த இளைஞரிடம் நானே நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். ஏற்றுக்கொண்டார், ஆனால் வாயிலில் நின்று பார்த்தவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் அதை யாராலும் சொல்ல முடியாது.

அந்த 94 என்ன? இரண்டு எண்தொடர்களுக்கு இடையிலான நெருக்கம். அவர் திருடியவராக இருக்க 94 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பது அதன் பொருளே அன்று. பட்டியலைக் கீழே நகர்த்திப் பார்த்திருந்தால் 93, 92, 91 என்று அதே கருநீலமும் கறுப்புப் பையுமாகப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தது தெரிந்திருக்கும். முதல் படத்துக்கும் பதின்மூன்றாவது படத்துக்கும் மூன்று புள்ளி இடைவெளிதான் என்றால், முதல் படத்துக்கென்று தனிச்சிறப்பு எதுவும் இல்லை. பலரும் அணியும் உடையில் வருபவர் யாராக இருந்தாலும் இந்த மென்பொருளில் உயர்ந்த எண்ணே கிடைக்கும். அந்த இளைஞர் செய்த ஒரே காரியம், பலரைப் போல உடுத்தியது. இப்படிப்பட்ட எண்ணை விழுக்காட்டுக் குறியோடு, பச்சை நிறத்தில், பெரிய எழுத்தில் காட்டுவது பொறுப்பற்ற வடிவமைப்பு என்று நிறுவனத்துக்கு எழுத்து மூலமாகவே தெரிவித்தேன்.

மனிதக் கண் சரிபார்த்துக்கொள்ளும் என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். அதிலும் எச்சரிக்கை தேவை. 1999-இல் பர்ட்டன் முதலிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தரம் குறைந்த கண்காணிப்புப் பதிவுகளில் தங்கள் விரிவுரையாளர்களை மாணவர்கள் மிக நன்றாக அடையாளம் கண்டார்கள். ஆனால் அவர்களை முன்பின் அறியாதவர்கள் மிகவும் தடுமாறினார்கள், அனுபவமுள்ள காவல் அலுவலர்கள் உட்பட. அதைவிடக் கவனிக்க வேண்டியது, தெரிந்தவர்கள்கூட உடலையோ நடையையோ விட முகத்தையே பெரிதும் சார்ந்திருந்தார்கள் என்பது. முகத்தை மறைத்தபோதுதான் அவர்களின் திறன் வெகுவாகக் குறைந்தது. ஆக, தெரியாத ஒருவரை, முகம் தெளிவில்லாத பதிவில், உடற்தோற்றத்தை மட்டும் கொண்டு 'இவர்தான்' என்று சொல்வது மனிதருக்கும் எளிதன்று. அதிலும் 94 என்ற எண்ணைப் பார்த்த பிறகு நம் கண் ஒற்றுமைகளை மட்டுமே தேடத் தொடங்கிவிடுகிறது.

அதன்பின் எங்கள் நடைமுறையை மாற்றினோம். விடைப் பட்டியலைப் பார்க்கும் இரண்டாவது ஆபரேட்டருக்கு எண்கள் தெரியாது. வேறுபாடுகளை முதலில் எழுத வேண்டும், ஒற்றுமைகளைப் பிறகு. உடையின் நிறத்தை விடக் காலணி, பைவாரின் அமைப்பு, சட்டையில் உள்ள அச்சு, நடக்கும்போது பை எந்தத் தோளில் தொங்குகிறது போன்றவற்றுக்குக் கூடுதல் மதிப்பு. மேலாடையை மாற்றுபவர்கள்கூடக் காலணியை மாற்றுவது அரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, தடத்தொடர்ச்சி: முதல் கேமராவிலிருந்து இரண்டாவது கேமராவுக்கு நடந்துசெல்ல எடுக்கும் நேரமும் பதிவில் உள்ள நேர இடைவெளியும் பொருந்துகிறதா, நடுவில் கேமரா இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம் கழிந்திருக்கிறது என்று பார்த்து, தொடர்ச்சி அறுந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். தொடர்ச்சி அறுந்த பிறகு கிடைக்கும் சாயலை வைத்து யாரையும் நிறுத்துவதில்லை.

முகத்தைப் பயன்படுத்தாததால் தனியுரிமைச் சிக்கல் இல்லை என்று விற்பனையாளர் சொன்னதை நான் ஏற்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2019-இல் அரசுத் துறைகள் முகமறிதலைப் பயன்படுத்தத் தடை விதித்தது; அதன்பின் வேறு சில நகரங்களும் அவ்வாறே செய்தன. வெரிடோன் நிறுவனத்தின் 'டிராக்' என்ற கருவி முகத்துக்குப் பதிலாக உடலமைப்பு, முடி, உடை, உடன்வைத்திருக்கும் பொருட்கள் ஆகியவற்றைக் கொண்டு ஆட்களைத் தொடர்வதாகவும், அத்தகைய தடைகள் உள்ள இடங்களில் காவல்துறைக்கு அது மாற்றுவழியாகிறது என்றும் 2025 மே மாதம் எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ இதழ் எழுதியது. ஒருவர் ஒரு நாள் முழுவதும் எங்கே போனார், யாரோடு நின்று பேசினார், எவ்வளவு நேரம் கழித்து வெளியேறினார் என்பதை ஒரே சொடுக்கில் வரிசைப்படுத்தித் தரும் கருவி, முகத்தைப் பார்த்ததா சட்டையைப் பார்த்ததா என்பது தொடரப்பட்டவருக்கு எந்த ஆறுதலையும் தராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஒருவரை மறைமுகமாக அடையாளம் காட்டக்கூடிய தகவலையும் தனிநபர் தரவு என்றே கொள்கிறது. இத்துறையின் பயிற்சித் தொகுப்புகளே இதற்குச் சான்று. டியூக் பல்கலைக்கழக வளாகத்தில் 2014-இல் 8 கேமராக்களில் 85 நிமிடங்கள் பதிவு செய்து உருவாக்கப்பட்ட தொகுப்பு, நடந்துசென்ற மாணவர்களின் ஒப்புதல் குறித்த கேள்விகள் எழுந்தபின் 2019-இல் திரும்பப் பெறப்பட்டது.

இந்தக் கோணத்தில் எங்கள் மென்பொருளைப் பாராட்டவும் இடமிருக்கிறது. யார், எப்போது, எந்த உருவத்தைத் தேடினார் என்பதை அழிக்க முடியாத பதிவேட்டில் அது எழுதிவைக்கிறது. தேடலுக்கான காரணத்தை எழுதாமல் தேட முடியாதபடி அமைக்கவும் முடிகிறது. இரண்டையும் முதல் நாளே இயக்கினோம். நிறுவுவது எளிது, வேகம் நிறைவு தருகிறது. வரைகலைச் செயலி (ஜிபியு) உள்ள தனி சர்வர் ஒன்று வேண்டியிருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே திட்டமிடுங்கள். தொழில்நுட்ப உதவிக்கு அழைத்தால் பொறுமையாகப் பேசுகிறார்கள்.

விழுக்காட்டைப் பற்றிய என் கடிதத்துக்குப் பதில் வர ஏழு வாரங்கள் ஆயின. கடைசிப் புதுப்பிப்பில் அந்த எண்ணை மறைத்துவைக்கும் அமைப்பைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் நிறுவும்போது எண் தெரியும் நிலையில்தான் வருகிறது, நாமாகத் தேடிப்போய் அணைக்க வேண்டும். ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்கு நீட்டித்திருக்கிறோம். காணாமல் போனவர்களைத் தேடவும், சம்பவ நாளிலேயே ஒருவரின் தடத்தைத் தொடரவும் மட்டும் பயன்படுத்துகிறோம்.

வாங்க நினைப்பவர்கள், விற்பவர் கொண்டுவரும் மாதிரிக் காட்சியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உங்கள் கேமராக்களில், உங்கள் விளக்குகளின் கீழ், ஒரே மாதிரியான கருநீலச் சட்டையில் நான்கைந்து பேரை வெவ்வேறு வழிகளில் நடக்கவிடுங்கள். அவர்களில் ஒருவர் நடுவழியில் மேலங்கி போட்டுக்கொள்ளட்டும், ஒருவர் பையை இன்னொருவரிடம் கொடுக்கட்டும், அகச்சிவப்பு எரியத் தொடங்கிய பிறகு எல்லோரும் இன்னொரு முறை நடக்கட்டும். பிறகு அவர்களில் ஒருவரைச் சொடுக்கி, மற்றவர்கள் பட்டியலில் எத்தனையாவது இடத்தில், என்ன எண்ணோடு வருகிறார்கள் என்பதை விற்பவரின் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். விலை பேசுவது அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு இருக்கட்டும்.